மைனர், ஆக்ஸ்ஃபோர்டு, ஹெரால்டு: சிங்கப்பூரில் இருந்துகொண்டு பழைய பிரிட்டிஷ் காருக்கு எங்கே பாகம் வாங்குவது?

சிங்கப்பூரில் பழைய வண்டிகளுக்கான கிளாசிக் திட்டத்தின்கீழ் ஓடும் கார் முதற்பதிவு ஆகிக் குறைந்தது 35 ஆண்டு கடந்திருக்க வேண்டும். ஆண்டுக்கு அதிகபட்சம் 45 நாள்தான் அதைச் சாலைக்குக் கொண்டுவரலாம். மீதி 320 நாளும் வண்டி நம் ஊர் ஈரக்காற்றில் சும்மா நிற்கிறது. பாகம் வாங்கும்போது இதை மறந்தால் காசு விரயம். இங்கிலாந்தில் வாரம் தவறாமல் ஓடும் மோரிஸ் மைனருக்குப் பத்தாண்டு உழைக்கிற பிரேக் சிலிண்டர், இங்கே நின்றே கெடும். கீழே உள்ள மதிப்பீடு முழுக்க இந்தக் கணக்கில்தான்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். மைனருக்கும் மினிக்கும் இங்கிலாந்து அஞ்சல்வழிக் கடைகள். மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு, எம்ஜிஏ 1500 வைத்திருப்பவர்களுக்கு எஞ்சின் உள்பாகம் என்றால் சென்னை. பிரேக், ரேடியேட்டர், புஷ் வேலைகளுக்கு உள்ளூர்ப் பட்டறை. ஜோகூர், ஜப்பான் கார் வைத்திருப்பவர்களுக்கு மட்டும்.

கார் பெயரைச் சொல்லித் தேடாதீர்கள்

"1965 மைனருக்குத் தெர்மோஸ்டாட் இருக்கா?" என்று சின் மிங்கிலோ ஊபியிலோ கேட்டால் கடைக்காரர் சிரிப்பார். பிரிட்டிஷ் கார் நிறுவனங்கள் பாதிப் பாகங்களைத் தாங்களே செய்யவில்லை. மின்பாகம் லூக்காஸ், பிரேக் லாக்ஹீட் அல்லது கெர்லிங், கார்புரேட்டர் எஸ்யு. ஒரே பாகம் ஐந்தாறு கார்களில் போயிருக்கும். பின்னாளில் யூனிபார்ட் என்ற பாகம் விற்கும் நிறுவனம் இவற்றுக்கெல்லாம் ஜி எழுத்தில் தொடங்கும் எண்களைக் கொடுத்தது: ஜிடிஎஸ் என்றால் தெர்மோஸ்டாட், ஜிஎம்சி மாஸ்டர் சிலிண்டர், ஜிடபிள்யூசி வீல் சிலிண்டர், ஜிபிஎஸ் பிரேக் ஷூ. ஜிடிஎஸ்102 என்று தேடினால் 74 டிகிரி தெர்மோஸ்டாட்டை மினி கார் பாகக் கடைகள் எல்லாமே வைத்திருப்பது தெரியும். ஜிடிஎஸ்104 என்பது 82 டிகிரி, ஜிடிஎஸ்106 என்பது 88. நம் ஊருக்கு 74 போதும். கடைக்காரர் பழக்கதோஷத்தில் 82ஐ அனுப்பிவிடுவார், ஆகவே எண்ணை எழுதியே கேளுங்கள்.

1956க்குப் பிந்தைய மைனர் 1000இல் இருப்பது ஏ-சீரிஸ் எஞ்சின். 1962 வரை 948 சிசி, அதன்பின் 1098. மினியும் எம்ஜி மிட்ஜெட்டும் இதே குடும்பம் என்பதால் வால்வு, டாப்பெட், டிஸ்ட்ரிபியூட்டர் சாமான் எல்லாம் மினிச் சந்தையில் தாராளமாகக் கிடைக்கும். ஆனால் மினியில் எஞ்சின் குறுக்காகக் கிடக்கிறது, கியர்பெட்டி சம்ப் எனும் எண்ணெய்த் தொட்டிக்குள் இருக்கிறது. ஆகவே கிளச்சு, சம்ப், அதன் காஸ்கெட் ஆகியவற்றை மினி எண்ணில் வாங்காதீர்கள்.

பேரிங்கிலும் இதே கதை. வளையத்தின் ஓரத்தைத் துடைத்து, சாய்வாக டார்ச் அடித்தால் எண் தெரியும். பழைய பிரிட்டிஷ் பேரிங்கில் எல்ஜே 1 என்று இருந்தால் அது எஸ்கேஎஃப்பின் ஆர்எல்எஸ் 8: உள்விட்டம் 25.4 மிமீ, வெளிவிட்டம் 57.15, தடிமன் 15.875. அங்குல அளவுப் பேரிங் தீர்ந்துபோன சரக்கு அல்ல, தொழிற்சாலை இயந்திரங்களுக்காக இன்றும் விற்பனையில் இருக்கிறது. ஜாலான் புசார் வட்டாரத்துப் பேரிங், ஆயில் சீல் கடைகளில் கார் என்ற பேச்சையே எடுக்காமல் எண்ணை மட்டும் நீட்டுங்கள், வேலை சுலபம். ஆயில் சீலுக்கு மூன்று அளவு: தண்டின் விட்டம், கூட்டின் விட்டம், அகலம். தண்டைப் பழைய சீல் உதடு தேய்த்த பள்ளத்தில் அளக்காதீர்கள், அதற்குப் பக்கத்தில் தேயாத இடத்தில் அளக்க வேண்டும்.

இங்கிலாந்து அஞ்சல்வழிக் கடைகள்

மைனர் 1948 முதல் 16 லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்ட கார். அதனால் இன்றும் ஏறக்குறைய முழு வண்டியையும் அட்டவணை பார்த்தே வாங்கிவிடலாம். ஒரு சுவாரசியம்: 1990களில் மைனருக்கான தகடுகள் இலங்கையில் கைவேலையாகச் செய்யப்பட்டு இங்கிலாந்துக்குப் போயின. மினிக்கும் எம்ஜிபிக்கும் பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் முழு உடற்கூடே செய்து தருகிறது. தகடு வாங்குவதில் பிரச்சினை குறைவு, பெட்டி பெரிதாவதால் சரக்குக் கட்டணம்தான் கடிக்கும்.

விலைக்கணக்கு இப்படிப் போகும். அங்கே போட்டிருக்கும் விலையில் 20 விழுக்காடு வாட் வரி அடங்கியிருந்தால், ஏற்றுமதிக்கு அது கழியும்: 60 பவுண்டு பொருள் 50 பவுண்டாகும். சிங்கப்பூரில் கார் பாகத்துக்குத் தீர்வை கிடையாது, 9 விழுக்காடு பொருள் சேவை வரி மட்டும். பொருள் விலை, அனுப்பும் செலவு, காப்புறுதி மூன்றும் சேர்ந்து 400 வெள்ளியைத் தாண்டினால் இங்கே வந்திறங்கும்போது வரி. அதற்குக் குறைவாக இருந்து, கடை சிங்கப்பூரில் வரிப்பதிவு செய்திருந்தால், 2023 முதல் பணம் கட்டும்போதே அதைப் பிடித்துக்கொள்கிறார்கள். கோளாறு எங்கே வருகிறது என்றால், தனித்தனியாக 400க்குக் குறைவான பொருட்களுக்குக் கடை வரி பிடித்து, எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போட்டு 400க்கு மேல் மதிப்பிட்டு அனுப்பும்போது. கூரியர் மறுபடி வரி கேட்கும். வரி கட்டிய விலைப்பட்டியலைப் பெட்டி வந்திறங்குவதற்கு முன்பே கூரியருக்கு அனுப்பிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

தரம்? இரும்புச் சாமான் நன்று, ரப்பர் சுமார், மின்பாகத்தில் கண்ணை மூடிக்கொண்டு வாங்க முடியாது. கார்புரேட்டருக்கு மட்டும் யோசிக்கத் தேவையில்லை. எஸ்யு பெயர் இன்று பர்லன் நிறுவனத்திடம் இருக்கிறது, அவர்களின் ஜெட், ஊசி, காஸ்கெட் பெட்டி உள்ளபடி பொருந்தும். 1098 மைனரின் எச்எஸ்2 கார்புரேட்டருக்கு வழக்கமான ஊசி ஏஎன். ஊசியின் தோள்பட்டையில் எழுத்து பொறித்திருக்கும், பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். ஊசியையும் ஜெட்டையும் மாற்றியும் ஐடில் தடுமாறினால் காற்று திராட்டில் ஸ்பிண்டில் வழியாக நுழைகிறது. ஓடும் எஞ்சினில் ஸ்பிண்டில் முனையைச் சுற்றித் துளி எண்ணெய் விட்டுப் பாருங்கள், சுழற்சி ஒரு கணம் மாறும். அதற்குப் பெட்டியில் மருந்து இல்லை, லேத்துப் பட்டறையில் புஷ் போட வேண்டும்.

மின்பாகத்தில் மோசமான இரண்டு: டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் ரோட்டர் ஆர்மும் கண்டென்சரும். மலிவுப் பிரதி ரோட்டரில் பித்தளைத் தகட்டைப் பிடித்திருக்கும் ரிவெட், அடியில் ஸ்பிரிங் இருக்கும் இடத்துக்கு மிக அருகே வருகிறது. நடுவில் பிளாஸ்டிக் மெல்லியது. சூடேறியதும் உயர் மின்னழுத்தம் அதைத் துளைத்துத் தண்டுக்கு இறங்கிவிடும். எஞ்சின் நின்றுபோகும், அரை மணி ஆறினால் ஒன்றும் நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆகும். பலர் இதைப் பெட்ரோல் பம்புக் கோளாறு என்று நினைத்துப் பம்பை மாற்றுகிறார்கள். ரிவெட் இல்லாத சிவப்பு ரோட்டர் கேட்டு வாங்குங்கள். கண்டென்சர் ஏறத்தாழ 0.2 மைக்ரோஃபாரட். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் வெந்து சாகும் பிரதிகளுக்குப் பதில், சிம் லிம் டவரில் 630 வோல்ட்டு தாங்கும் 0.22 மைக்ரோஃபாரட் பாலிப்ரோபிலீன் கெப்பாசிட்டர் வாங்கிக் காயில் பக்கத்தில் வெளியே மாட்டலாம். ஒரு கால் பாயிண்டுக்கு, அதாவது மின்சாரத்தை விட்டுவிட்டுத் தரும் தொடுமுனைக்கு, போகும் கம்பியில், மறுகால் உடலில். அழகாக இருக்காது, ஆனால் வழியில் நிற்கவைக்காது.

மைனர் பாசிட்டிவ் எர்த் வண்டி, அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் உடலோடு இணைந்திருக்கும் என்பதையும் மறக்கக் கூடாது. பாயிண்டுக்குப் பதில் மின்னணு மாட்யூல் வாங்குவதானால் பாசிட்டிவ் எர்த் வகை என்று அதன் மேலேயே எழுதியிருக்க வேண்டும். தலைகீழாக மாட்டினால் ஒரே நொடியில் போய்விடும். புதுப்பித்த சி40 டைனமோ வந்தால் கம்பிகளை இணைக்குமுன், பேட்டரியின் எர்த் ஆகாத முனையிலிருந்து ஒரு கம்பியை எடுத்து எஃப் முனையில் ஓரிரு முறை தொட்டு எடுங்கள். டைனமோவின் காந்தப் புலத்தின் திசை அப்போதுதான் நம் வண்டிக்கு ஏற்ப அமையும்.

பிரேக்: புதிதை விடப் பழையதே மேல்

ஈரக்காற்றின் வேலையைப் பார்க்க மைனரின் மாஸ்டர் சிலிண்டரைக் கழற்றினால் போதும். அது எஞ்சின் அறையில் இல்லை. ஓட்டுநர் காலடியில் கம்பளத்தை விலக்கி, திருகிய மூடித்தகட்டைக் கழற்றினால் சேஸிஸ் சட்டத்துக்குள் படுத்திருக்கும். கிளைக்கோல் வகைப் பிரேக் திரவம், அதாவது டாட் 3, டாட் 4, டாட் 5.1, காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். நிற்கிற வண்டியில் அந்த ஈரம் சிலிண்டரின் அடிப்பக்கம் தங்கி, வார்ப்பிரும்பில் மிளகு அளவுக் குழிகளை அரிக்கிறது. கப் ரப்பர் அந்தக் குழிமேல் ஓடிக் கிழியும். புதுச் சிலிண்டரும் வார்ப்பிரும்புதான், ஆகவே மாற்றினாலும் கதை திரும்ப நடக்கும்.

இதற்குச் சரியான வழி ஸ்லீவ் போடுவது. பழைய சிலிண்டரைக் குடைந்து, ஸ்டெயின்லெஸ் அல்லது பித்தளைக் குழாயை இறக்கி, பழைய உள்விட்டத்துக்கே ஹோன் செய்ய (வழவழப்பாகத் தேய்க்க) வேண்டும். மைனரில் அது 7/8 அங்குலம், 22.23 மிமீ. "22 மிமீ சீல் ஸ்டாக்கில் இருக்கு, அதுக்கே கடைஞ்சிடறேன்" என்று பட்டறையில் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள், அடுத்த முறை எந்தக் கிட்டும் சேராது. ஸ்லீவ் இறக்கியபின் திரவத் தொட்டியிலிருந்து வரும் இரண்டு துளைகளும் மறுபடி திறக்கப்பட்டு, உள்விளிம்பில் பிசிறு எடுக்கப்பட்டிருக்க வேண்டும். சின்னத் துளை அடைபட்டிருந்தால் மிதித்த பிரேக் விடாது. மெல்லிய கம்பியை விட்டுப் பார்த்துவிட்டே பணத்தைக் கொடுங்கள்.

கழற்றும்போது ஒரு தொல்லை உண்டு. சட்டத்தை ஊடுருவிப் போகும் நீள போல்ட்டுகளை வெளியே இழுக்க டார்ஷன் பார் (ஸ்பிரிங் வேலை செய்யும் இரும்புத் தண்டு) குறுக்கே நிற்கும். வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி, சஸ்பென்ஷன் பாரம் இறங்கியபின் பாரைச் சற்று விலக்கினால்தான் வரும். திரும்பப் போடும்போது போல்ட்டின் தலையை மறுபக்கமாக வைத்துப் போடுங்கள், அடுத்த முறை பாரைத் தொட வேண்டியதில்லை. புஷ்ராடுக்கும் பிஸ்டனுக்கும் நடுவே துளி ஆட்டம் இருக்கட்டும்.

ரப்பர் கப்பைப் பெட்ரோலிலோ எண்ணெயிலோ கழுவினால் ஊதிப்போகும். பிரேக் திரவத்திலேயே நனைத்து மாட்டுங்கள். சிலிக்கோன் டாட் 5 ஈரம் இழுக்காது என்பதால் நம் ஊர் நிற்கும் வண்டிக்குப் பொருத்தம்தான், ஆனால் பழைய திரவத்தோடு கலக்கக் கூடாது. எல்லா ரப்பரும் புதிதாகப் போடும் நாளில் மட்டுமே மாறுங்கள்.

பிரேக் குழாய் நட்டில் ஒரு பொறி இருக்கிறது. பிரிட்டிஷ் நட்டு 3/8 அங்குலம், அங்குலத்துக்கு 24 மரை. மெட்ரிக் நட்டு எம்10, 1 மிமீ மரை. பக்கத்தில் வைத்தால் இரட்டைப் பிள்ளைகள். 3/8 என்பது 9.5 மிமீ சொச்சம், ஆகவே அந்த நட்டு மெட்ரிக் துளைக்குள் தளர்வாக ஏறி, இறுகியதுபோல் காட்டி, பெடலை அழுத்தி மிதிக்கும் நாளில் மரை உரிந்து வெளியே வரும். ஜப்பான் கார் மட்டுமே பார்க்கும் பட்டறைக்குக் குழாய் கொடுத்தால் நட்டுகளையும் நீங்களே கொடுங்கள்.

ஷூ லைனிங் ஒட்டும் கடைகளின் வேலை பொதுவாகத் திருப்தி. டிரம்மைக் கடைந்திருந்தால் டிரம்மையும் சேர்த்தே எடுத்துப்போங்கள். லைனிங்கின் வளைவை அதற்கேற்பத் தேய்க்காவிட்டால் நடுப்பகுதி மட்டும் உரசும், பெடல் பஞ்சுபோல் இருக்கும். பழைய ஷூவில் அஸ்பெஸ்டாஸ் இருக்கும் என்றே வைத்துக்கொண்டு, தூசியைக் காற்றடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடையுங்கள். பெட்டி பிரிக்காத பழைய ஷூ வலையில் விற்பனைக்கு வந்தாலும் வேண்டாம். பழைய ஸ்டாக்கில் உலோகம் வாங்கலாம், பேரிங்கும் துரு இல்லாவிட்டால் கிரீஸ் மாற்றிப் போடலாம். ரப்பர், லைனிங், கண்டென்சர் மூன்றும் அலமாரியிலேயே ஆயுளை முடித்திருக்கும்.

லேத்தில் செய்யக் கூடாதவையும் உண்டு. திராட்டில் புஷ், பெடல் புஷ், ஸ்பேசர் எல்லாம் தாராளமாகச் செய்யலாம், கூடவே பொருந்தும் பாகத்தையும் கொடுக்க வேண்டும். ஆனால் முன்சக்கர டிரன்னியனையோ (சக்கரம் திரும்ப இடம்தரும் மரை மூட்டு) ஸ்டீயரிங் பாகத்தையோ "இதே மாதிரி ஒண்ணு கடைஞ்சு குடுங்க" என்று கேட்காதீர்கள். எஃகின் தரமும் கடினப்படுத்தலும் கண்ணால் பார்த்து வருவதல்ல. மைனரின் டிரன்னியன் மரை உரிந்தால் சக்கரம் அப்படியே மடங்கி விழும். இடப்பக்கம் வலப்பக்கம் மரை வேறு, ஜோடியாக வாங்குங்கள். 1,000 மைலுக்கு ஒருமுறை கிரீஸ். டிரையம்ஃப் ஹெரால்டின் டிரன்னியனுக்கோ கிரீஸ் கூடாது, ஈபி 90 கியர் ஆயில்தான்.

சென்னை: புதுப்பேட்டையும் ஜிபி ரோடும்

தமிழ் பேசத் தெரிந்தவர்களுக்கு இது பெரிய சலுகை. ஐரோப்பாவில் எப்போதோ நின்றுபோன கார்கள் இந்தியாவில் வேறு பெயரில் பல ஆண்டு ஓடின. அம்பாசிடர் என்பது மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு சீரிஸ் 3, 2014 வரை செய்தார்கள். பத்மினி என்பது ஃபியட் 1100டி. ஸ்டாண்டர்டு ஹெரால்டு சென்னையிலேயே உருவானது. புதுச் சாமான் ஜிபி ரோட்டிலும், கழற்றிய சாமான் புதுப்பேட்டையிலும் தேட வேண்டும்.

அம்பாசிடரின் 1489 சிசி பி-சீரிஸ் பெட்ரோல் எஞ்சின் எம்ஜிஏ 1500க்கும் எம்ஜி மேக்னெட் இசட்ஏ காருக்கும் உறவு. சிலிண்டர் உள்விட்டம் 73.025 மிமீ. பிஸ்டன் ரிங், வால்வு, காஸ்கெட் போன்றவற்றுக்கு முதலில் இங்கே விசாரிப்பது லாபம். ஆனால் அம்பாசிடரில் டீசல் எஞ்சினும் வந்தது, அதுவும் 1489 சிசி! பின்னால் இசுசு எஞ்சினும் வந்தது. சிசியை மட்டும் சொன்னால் தவறான காஸ்கெட் வரும். வாட்ஸ்அப்பில் இப்படிக் கேளுங்கள்: "அண்ணே, அம்பாசிடர் பழைய பெட்ரோல் 1489க்கு ஹெட் காஸ்கெட் வேணும். டீசல் வேண்டாம், இசுசு வேண்டாம். ஸ்கேலை மேல வச்சு ஒரு படம் அனுப்புங்க." சிலிண்டர் ஓட்டை படத்தில் 73 மிமீயை விட ஓரிரு மிமீ மட்டும் கூடுதலாகத் தெரிய வேண்டும். 80க்கு மேல் இருந்தால் அது எம்ஜிபி அளவு.

பிரேக்கையும் சஸ்பென்ஷனையும் அம்பாசிடர் பெயரை நம்பி எடுக்காதீர்கள். இத்தனை ஆண்டுகளில் அவை மாறிவிட்டன. ஹெரால்டிலும் எல்லை உண்டு: சென்னை ஹெரால்டு 948 சிசி, ஆங்கில ஹெரால்டு 1200இன் 1147 சிசி பிஸ்டன் அதில் கிடையாது. அதன் பின்வந்த கஸெல் காரின் பின்புற அச்சு வேறு.

புதுப்பேட்டைக் கடைகளில் பேசும் விலைக்கும் கொடுக்கும் பொருளுக்கும் ரசீது அரிது. திருப்பி அனுப்பும் பேச்சுக்கே இடமில்லை. ஆகவே நேரில் போகும் உறவினரிடம் ஒரு வெர்னியர் காலிப்பரைக் கொடுத்தனுப்புவது, நூறு படம் கேட்பதைவிட நல்லது. கழற்றிய கார்புரேட்டர், பெட்ரோல் பம்பு பெட்டியில் வந்தால் பெட்ரோல் வாடை துளியும் இருக்கக் கூடாது. விமான நிலையத்திலேயே எடுத்து வைத்துவிடுவார்கள்.

ஜோகூர்

பாதியாக வெட்டிய பழைய கார்களை விற்கும் ஹாஃப் கட் கடைகளில் குவிந்திருப்பது ஜப்பான் சரக்கு. டட்சன் 120ஒய், டொயோட்டா கேஇ70 வைத்திருந்தால் ஒரு நாள் சுற்றலாம். பிரிட்டிஷ் காருக்கு அலைவது வீண். 48 மணி நேரத்துக்குள் திரும்பினால் வரிவிலக்கு 100 வெள்ளி வரை மட்டுமே, அதற்கு மேற்பட்டதை உட்லண்ட்ஸில் அறிவித்து 9 விழுக்காடு கட்டுங்கள். எஞ்சின் எண் உள்ள பாகம் எடுத்தால், எண் தெரியும் ரசீது இல்லாமல் கடையைவிட்டு நகராதீர்கள்.